பயம் வருவதற்காகப் படித்த பேய்க்கதைகள்

மூடிக் கிடந்த பட்டாசுக் கம்பெனியை மறுபடி திறந்தபோது, வேலை கேட்டுப் போன என்னிடம் போர்மேன் அண்ணாச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இப்பப் பயம் இருக்கா தாயி?"

"இல்ல அண்ணாச்சி" என்றேன். மெச்சிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் நோட்டை மூடிவிட்டார்.

"அப்ப வீட்டுக்குப் போ. பயம் வந்த பெறகு வா. பயமில்லாத ஆள உள்ள உக்கார வச்சா, கூட இருக்கிற மூணு பேரு வீட்டுக்கும் நான்ல பதில் சொல்லணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் வேலை காகிதக் குழாய்க்குள் வெடிமருந்து செலுத்துவது. ஒரு ரூமுக்கு நாலு பேர்தான், அதற்கு மேல் உட்காரக் கூடாது. உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டுவிட்டுப் போக வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும். தொடாமல் போனால் ஒரு பொறி போதும், நாலு பேரும் காலி. பதினெட்டு வருஷம் நான் தொடாமல் உள்ளே போனதில்லை. சுவரில் எழுதிப் போட்டிருந்த விதிக்காக இல்லை, பயத்தில்தான் தொட்டேன்.

அந்தப் பயம் ஒரு மத்தியானம் போய்விட்டது. பக்கத்து ரூம் வெடித்த மத்தியானம். நான் தண்ணீர் குடிக்கத் தொட்டிப் பக்கம் போயிருந்தேன். சத்தம் கேட்டது. திரும்பவில்லை. சொம்பில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்தேன். சொம்பைத் தொட்டி மேல் கவிழ்த்து வைத்தேன். அதற்கப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ரூமில் இருந்தவர்களில் ஒருத்தி என் தெருக்காரி. என்னை மதினி என்று கூப்பிடுவாள். அவள் செத்த கேதத்துக்குப் போனேன். எல்லோரும் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். என் முந்தானையில் ஒரு நூல் பிரிந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "கல்லு கணக்கா இருக்கா பாரு" என்று எவளோ சொன்னது காதில் விழுந்தது. வேறு நாளாக இருந்தால் அவள் குடுமியைப் பிடித்திருப்பேன். அன்றைக்கு, ஆமாம், சரியாகத்தான் சொல்கிறாள் என்று தோன்றியது.

சரி, பயம்தானே வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸுக்கு லோடு வண்டி ஓட்டுகிறார். அங்கே மாத நாவல்கள் அடிக்கிறார்கள். அச்சில் கோளாறாகி வேஸ்ட்டில் விழுவதை அவர் கட்டாக அள்ளிக்கொண்டு வருவார். குடும்பக் கதைகளை அடுப்புக்குப் போடுவேன். பேய்க்கதைகளை மட்டும் பரணில் அரிசிச் சாக்கில் கட்டி வைத்திருந்தேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் வாழ்க்கையில் உருப்படியாகச் சேர்த்தது அந்த ஒரு சாக்குதான்.

எனக்குப் பேய்க்கதையில் ருசி உண்டு. வெள்ளைச் சேலை கட்டி, முடியை விரித்துப்போட்டு, கொலுசுச் சத்தத்தோடு வருகிற பேயெல்லாம் எனக்கு ஆகாது. அந்த வெள்ளைச் சேலையை யார் துவைக்கிறார்களாம்? நல்ல பேய்க்கதையில் எல்லாம் நம் வீட்டில் இருப்பது மாதிரியே இருக்கும். ஒன்றே ஒன்று மட்டும் சரியாக இருக்காது.

சாக்கில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு ரேஷன் கார்டு கதை. ஒரு வீட்டுக் கார்டில் அவர்களுக்குத் தெரியாத ஒரு பெரியம்மா பெயர் சேர்ந்திருக்கும். கூடுதலாக அரிசி கிடைக்கிறதே என்று வாயை மூடிக்கொள்வார்கள். நாமாக இருந்தாலும் அதைத்தானே செய்வோம். கொஞ்ச நாளில் அக்கம்பக்கத்தார், "உங்க பெரியம்மாவ பஸ் ஸ்டாண்டுல பாத்தேன், எளச்சுப்போயிட்டாகளே" என்று விசாரிக்க ஆரம்பிப்பார்கள். அப்புறம் ஒரு மாதம் கார்டில் வேறு ஒரு பெயர் குறைந்திருக்கும். யார் பெயர் என்று கதையில் சொல்லவே மாட்டார்கள். முதல் தடவை படித்துவிட்டு எங்கள் கார்டை எடுத்துப் பார்த்தேன், சிரிக்காதீர்கள்.

இன்னொன்று குறுநாவல். ஒரு தையல்காரிக்கு மாதா மாதம் தபாலில் ஜாக்கெட் அளவு வரும். பணமும் சரியாக வரும். ஆனால் ஒவ்வொரு மாதமும் அளவு ஓர் அங்குலம் குறையும். பெரியவள் அளவிலிருந்து குமரி அளவு, குமரியிலிருந்து பிள்ளை அளவு. என் பிரதியில் கடைசிப் பதினாறு பக்கம் அச்சே ஏறாமல் வெள்ளையாக இருந்தது. முடிவு தெரியாமலே அதை ஏழெட்டுத் தடவை படித்தேன். முடிவு தெரிந்திருந்தால் இவ்வளவு பிடித்திருக்காது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, சட்டி பானை கழுவுகிற பேய். மத்தியானம் வீட்டார் சாப்பிட்டுப் படுத்ததும் கொல்லையில் யாரோ ஏனம் கழுவி அடுக்கி வைத்துவிடுவார்கள். வீட்டுக்காரிக்கு முதலில் நடுக்கம், அப்புறம் சந்தோஷம். (எனக்கு அப்படி ஒரு பேய் அமைந்தால் தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பேன்.) ஒரு நாள் போய்ப் பார்த்தால் எல்லாம் கழுவியிருக்கும், ஒரு தட்டு மட்டும் எச்சிலோடு கிடக்கும். அது அவள் சின்ன மகன் தட்டு. கதை அந்த வரியோடு முடிந்துவிடும்.

இந்த மூன்றையும் பதினைந்து நாள், உச்சி வெயிலில், கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். எங்கள் ஊரில் எல்லாக் கெட்டதும் பகலில்தான் நடக்கிறது, பேய்க்கு இருட்டு என்னத்துக்கு? எழுத்து புரிந்தது. எந்த இடத்தில் முன்பு மயிர் கூச்செறியும் என்றுகூட ஞாபகம் இருந்தது. அந்த இடம் வந்தது, போனது. மளிகைச் சீட்டு வாசித்த மாதிரி இருந்தது.

"வந்துச்சா?" என்று வீட்டுக்காரர் தினமும் கேட்பார்.

"வரல."

ஒரு நாள் பூனைபோல் பின்னால் வந்து காதருகே "பே!" என்று கத்தினார். "கொழம்பு அடுப்புல இருக்கு, போட்டுச் சாப்பிடுங்க" என்றேன். பாவம், அவர் முகம்தான் வெளிறிப்போனது. "ஏ புள்ள, நீ இப்பிடி இருந்தா எனக்குத்தான் பயமா இருக்கு" என்றார்.

வீட்டில் இருக்க முடியவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் சாயங்காலம் ஆகிவிடும். நடுவில் என்ன செய்தேன் என்று தெரியாது. கைக்கு வேலை இருந்தால் மற்றது தானாக வரும் என்று நம்பினேன். அதனால் போய்ப் பொய் சொன்னேன். கதையில் பயந்தவர்கள் என்னென்ன செய்வார்களோ அதையெல்லாம் அண்ணாச்சி முன்னால் செய்து காட்டினேன். எச்சிலை விழுங்கினேன். முந்தானையால் கழுத்தைத் துடைத்தேன். "நெனச்சாலே கை நடுங்குது அண்ணாச்சி" என்றேன்.

"அப்பச் சரி. திங்கக்கெழம வா" என்றார்.

என் ரூமில் என்னோடு மூன்று பேர். மூவரும் என்னைவிடச் சின்னவர்கள். நான் பேய்க்கதை சொல்வேன் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். நாலாம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததும் மூவரிலும் இளையவள், "அக்கா, ஒரு பேய்க்கத சொல்லுங்க. ரொம்பப் பயங்காட்டாதீக" என்றாள். தட்டுக் கதையைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன், வாய் பழகியதுதானே. எச்சில் தட்டு வந்ததும் அவள் "ஆத்தாடி!" என்று பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டுப் போணியைக் கழுவப் போகும்போதுகூட விடவில்லை.

திரும்பி ரூமுக்குள் வந்து உட்கார்ந்தோம். நான் குழாயைக் கையில் எடுத்தேன். அவள் என்னையே பார்த்தாள்.

"அக்கா, தகட்டத் தொட்டீகளா?"

யோசித்தேன். தொட்ட ஞாபகம் இல்லை. தொடாத ஞாபகமும் இல்லை. "தெரியல" என்றேன்.

அவள் கத்தவில்லை. கையில் இருந்ததைத் தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோலக் கீழே வைத்தாள். மற்ற இரண்டு பேரும் வைத்தார்கள். ஓடாமல் நடந்து மூவரும் வெளியே போனார்கள். வாசலுக்கு அப்பால் நின்றுகொண்டு, "எதையும் தொடாம வெளிய வந்துருங்கக்கா. மெல்ல வாங்க" என்றாள்.

உட்கார்ந்த இடத்திலிருந்து அந்த முகங்களைப் பார்த்தேன். பதினைந்து நாளாகச் சாக்கைக் கொட்டி நான் தேடியது மூன்று முகத்திலும் அப்படியே இருந்தது. எனக்குள் அப்போதும் ஒன்றும் அசையவில்லை. எழுந்து வெளியே வந்தேன்.

அவள் என்னிடமிருந்து ரெண்டடி விலகி நின்றாள். "எம் புள்ள ரெண்டாப்புதான் படிக்கான். உங்க கூட ஒரு ரூம்ல நான் உக்கார மாட்டேன்க்கா. வேலையே போனாலும் சரி" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. கதை கேட்ட பயம் அவளுக்கு இன்னும் தெளியவில்லை, அதனால்தான் என் கையைக் கவனித்திருக்கிறாள். நேராக அண்ணாச்சியிடம் போனேன்.

"நான் பொய் சொல்லிட்டேன் அண்ணாச்சி. எனக்குப் பயம் வரல. இன்னும் வரல."

திட்டுவார் என்று நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "நாளையிலேர்ந்து வராத தாயி" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அவர்கள் மூவரும் முன்னால் ஒரே சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தில் இடம் காலியாகக் கிடந்தும் யாரும் வந்து உட்காரவில்லை. ஆனைக்குட்டம் விலக்கில் அவள் இறங்கினாள். ரோட்டோரம் நின்றிருந்த மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், ரெண்டாப்பு படிக்கிற பிள்ளையை. அடுத்தடுத்த ஸ்டாப்பில் மற்ற இருவரும் இறங்கினார்கள். கடைசியில் நான் இறங்கினேன். அன்றைக்கு நாலு பேரும் வீடு போய்ச் சேர்ந்தோம்.