புருவம் தீர்ந்துபோன வகுப்பு

வேலையில்லாத பெண்களுக்கு இலவச அழகுக்கலைப் பயிற்சி என்று போட்டிருந்தார்கள். இலவசம் என்றால் எப்படி இருக்கும்? மருந்துக்கடைக்கு மேலே ஒரு அறை, சுற்றாத மின்விசிறி, செல்போனில் வீடியோவைக் காட்டிவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்கும் ஒரு மேடம். முடி வெட்டிப் பழகப் பொம்மைத் தலை இருந்தது. புருவத்துக்கு ஏது பொம்மை? "ஒருத்தி முகத்துல ஒருத்தி பழகுங்க" என்று மேடம் நூலைக் கையில் கொடுத்துவிட்டார். முதல் வாரத்திலேயே வகுப்பில் புருவம் தீர்ந்துபோயிற்று. அப்புறமெல்லாம் வெறுங்காற்றில்தான் நூலிழுத்தார்கள், வெட்கக்கேடு!

வாயாடி என்று எல்லோரும் கூப்பிடும் ஒருத்திக்கு மட்டும் கை சட்டென்று பழகிவிட்டது. பழகாமல் என்ன செய்வாள்? அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள். இந்த முறையும் வேலையில்லாமல் வந்து நின்றால் படியேறாதே என்று அண்ணி சொல்லாமல் சொல்லியிருந்தாள். ஜோடியாக வாய்த்தவளின் புருவத்தை உயிரைக் கொடுத்து அழகாக்கினாள் வாயாடி. அந்த ஊமைக்கோட்டான் பதிலுக்குச் செய்த உபகாரம் என்ன தெரியுமா? இடது புருவத்தில் பாதியைக் காணோம், வலது இருந்த இடமே தெரியவில்லை.

"கை தவறிடுச்சுக்கா."

"ரெண்டு பக்கமுமாடி தவறும்? நல்லா இருப்ப போ!"

பத்தே நாளில் பயிற்சி முடிந்ததும், கடைத்தெரு பார்லரில் ஒரே ஒரு இடம் காலி என்று தெரிந்தது. பென்சிலால் புருவம் வரைந்துகொண்டு போய் நின்றாள் வாயாடி. முதலாளியம்மா விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலெல்லாம் மை.

"உன் முகமே இந்த லட்சணம். நீ அடுத்தவங்க முகத்துல கை வைக்கப் போறியா?"

"இது நான் செஞ்சதில்லைங்க. நான் செஞ்ச முகத்தைக் கூட்டிட்டு வரேன், பாருங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு போய் ஊமைக்கோட்டானை இழுத்துவந்தாள். முதலாளியம்மா அவள் முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடடா! நல்ல கைதான்" என்றார். வாயாடிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முதலாளியம்மாவோ ஊமைக்கோட்டானிடம், "நீ நாளைக்கே வந்துடும்மா" என்றார்.

"மேடம், செஞ்சது நானு! அவளுக்கு நூலே பிடிக்கத் தெரியாது!"

"வேலையை நான் கத்துக் குடுத்துக்கறேன். உன்னை வாசல்ல பார்த்தா எவ உள்ள வருவா?"

ஊமைக்கோட்டான் மகராசி ஒப்புக்குக்கூட மறுக்கவில்லை. தலையை மட்டும் நன்றாக ஆட்டினாள். படியிறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, இது வளர்ந்தா மறுபடியும் நீங்கதான் எடுத்துவிடணும். வேற யாரை நம்பி முகத்தைக் குடுக்கறது?"