கடைசிக் காருக்காக ஒரு ப்ளகின்

கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் படித்துவிடுவது என் மனைவியின் வழக்கம். லேக் மார்க்கெட் முனையில் ஜால்முரி வாங்கினால், பொரியைத் தின்று முடித்ததும் அந்தக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, எண்ணெய்க் கறைக்கு நடுவே என்ன எழுதியிருக்கிறது என்று நின்று பார்ப்பாள். பெரும்பாலும் யாரோ ஒரு பிள்ளையின் பூகோளப் பரீட்சைத் தாளாக இருக்கும். “பாவம், நதியெல்லாம் இடம் மாத்திப் போட்டுடுத்து குழந்தை” என்பாள். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமாகிப் பத்து வருஷம் இதைச் சொல்லிச் சொல்லியே அவளைக் கேலி செய்திருக்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் மூன்று மாடிக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். அதனால் மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே மின்னஞ்சல் முகவரி. கீழ்வீட்டுத் தமிழ்க் குடும்பத்துக்கு பெங்களூர்ப் பிள்ளை எழுதுவதும் அதில்தான் வரும். மேல்மாடி மாஷிமாவுக்கு ஜெர்மனியிலிருந்து மகள் எழுதுவதும் அதில்தான் வரும். மாஷிமா என்றால் வங்காளத்தில் பெரியம்மா, சித்தி போல. எங்களுக்கு உறவில்லை, ஆனால் அப்படித்தான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேநீர்க் கோப்பையோடு இறங்கி வருவார். என் மனைவி கடிதத்தைப் படித்துக் காட்டுவாள். நல்ல இடம் வந்தால் “இன்னொரு தடவை படி” என்பார். கடவுச்சொல் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒளிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்பது என் கட்சி.

அந்த முகவரியைத் தொடங்கிய நாளில், கடவுச்சொல் மறந்துபோனால் கேட்பதற்கென்று ஒரு ரகசியக் கேள்வி வந்தது. முதலில் படித்த பள்ளிக்கூடம் எது? “உன் ஸ்கூல் பேரைப் போடேன்” என்றேன். “அது ஊர்ல எல்லாருக்கும் தெரியுமே. ஒரு பொய் எழுதறேன்” என்றாள். என்ன பொய் என்று நான் கேட்கவில்லை. டிவியில் கார் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது.

பந்தயம்தான் என் பைத்தியம். அதிலும் வேடிக்கை, என் ஆள் எப்போதும் கடைசியில் ஓடுகிறவன். பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. வண்டி மட்டமான வண்டி, ஆனால் மழையில் அவன் ஓட்டுவதைப் பார்க்க வேண்டுமே, அடேயப்பா! பார்க்கத்தான் முடியாது. கேமரா முதல் நாலு பேரை விட்டு நகராது. நான் சோபாவில் உட்கார்ந்து “அவனைக் காட்டுங்கடா!” என்று அவன் பெயரைச் சொல்லிக் கத்துவேன். அடுக்களையிலிருந்து ஒரு சத்தமும் வராது.

அப்போதுதான் ஆபீஸ் நண்பர் ஒருவர் ஒரு இணையதளத்தைச் சொன்னார். ப்ளகின் என்று ஒரு குட்டி நிரலை இறக்கி பிரௌசரில் ஒட்டவைத்துவிட்டால், பந்தயம் நடக்க நடக்க ஒவ்வொரு காரும் ஒவ்வொரு சுற்றை எத்தனை நொடியில் முடித்தது என்று எண்கள் வந்துகொண்டே இருக்குமாம். கடைசிக் காருக்கும் வருமாம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் பந்தயத்துக்கான தகுதிச் சுற்று. மனைவி கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். ப்ளகினை இறக்கினேன். நீளமாக ஒரு ஒப்பந்தம் வந்தது. சரி என்று அமுக்கினேன். இன்னொரு பெட்டி வந்தது. சரி. பதிவு செய்ய மின்னஞ்சல் முகவரி கேட்டது, கொடுத்தேன். கடவுச்சொல் கேட்டது. கட்டடத்துக்கே தெரிந்த அதே கடவுச்சொல்லை அடித்தேன். எண்கள் மளமளவென்று வந்தன. எல்லோரையும் விட வேகமென்றால் ஊதா, தன் பழைய வேகத்தை மிஞ்சினால் பச்சை. என் ஆளுக்கு ஒரு பச்சை விழுந்தது. தனியாக நின்று கை தட்டினேன்.

மறுநாள் காலை மாஷிமா கோப்பையோடு வந்தார். அன்றைக்கு அவர் முகமே வேறாக இருந்தது. மகளுக்குப் பிரசவ மாதம், இவர் துணைக்குப் போக வேண்டும். இவருடைய விசா நேர்காணல் எந்தக் கிழமை என்ற கடிதத்தை அனுப்புவதாக மகள் சொல்லியிருந்தாள். மனைவி கடவுச்சொல்லை அடித்தாள். தப்பு என்றது. மறுபடி அடித்தாள். தப்பு. திரையில் கேட்காத விளம்பரமெல்லாம் குதித்தது.

“சர்வர்ல ஏதோ கோளாறு” என்றேன். சொல்லும்போதே முந்தின நாள் அடித்த கடவுச்சொல் ஞாபகம் வந்தது.

மனைவி என்னைப் பார்த்தாள். “என்ன பண்ணினேள்?”

சொன்னேன். அவள் எழுந்து, இணையம் வருகிற டெலிபோன் ஒயரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கினாள். பிறகு அந்த ஒப்பந்தத்தைத் தேடித் திறந்து, மாஷிமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

“நீங்க பாக்கற பக்கமெல்லாம் நாங்க பாப்போம், டைப் பண்றதையெல்லாம் எடுத்துப்போம்னு இதுலயே எழுதியிருக்கான். லேப் டைம் காட்டறதுக்கு என்னத்துக்கு நம்ம லெட்டரைப் படிக்கணும்?”

அந்த ஒரு கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை?

மாஷிமா “கீ ஹோலோ?” என்றார். என்ன ஆயிற்று என்று கேட்கிறார். மகளுக்குப் போன் செய்யலாம். ஆனால் அவள் வீடு மாறியிருந்தாள், புது நம்பரும் அந்த மின்னஞ்சல் பெட்டிக்குள்தான் இருந்தது. மகளின் பாஸ்போர்ட் நகல்கூட அதில்தான். எல்லாவற்றையும் யாரோ ஒருவன் கையில் தூக்கிக் கொடுத்திருந்தேன். ஒருத்தருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாமே என்று மெதுவாகச் சொன்னேன்.

“முடியாது” என்றாள். மாடி மாடியாக அவளே போனாள். எங்க முகவரியை எவனோ எடுத்துண்டுட்டான், அதுலேர்ந்து என்ன வந்தாலும் நம்பாதேங்கோ, உங்காத்துப் பிள்ளைக்கும் போன் பண்ணிச் சொல்லிடுங்கோ என்று தமிழிலும் வங்காளத்திலும் சொல்லிவிட்டு வந்தாள். தப்பு செய்தது யார் என்று ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. நான் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அவளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது.

கரியாஹாட் சைபர் கஃபேக்குப் போவோமா என்றேன். “அங்க உங்கள மாதிரி எத்தனை பேர் ‘சரி’ அமுக்கியிருக்காளோ!” என்றாள். ஜாதவ்பூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் அவளுக்கு வேலை. அங்கே கம்ப்யூட்டரில் யாரும் எதையும் புதிதாக ஏற்ற முடியாதபடி பூட்டு உண்டு. திங்கட்கிழமை நூலகம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் பந்தயம் ஓடியது. டிவியைப் போட எனக்கு மனசு வரவில்லை.

திங்கள் காலை ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு போனேன். மாஷிமாவும் வருவேன் என்று பிடிவாதமாக வந்து, நூலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற இடத்தை மனைவி அமுக்கினாள். கேள்வி வந்தது. முதலில் படித்த பள்ளிக்கூடம் எது? திருடினவன் எங்கள் ஊரைத் தோண்டித் துருவினாலும் கண்டுபிடித்திருக்க மாட்டான். அவள் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் குனிந்து இன்னொரு தடவை படித்தேன்.

என் ஆளின் பெயர். கடைசிக் காரை ஓட்டுகிறவனின் பெயர். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

“இது எப்படி உனக்கு...”

“பொய் எழுதினா மறக்காத பொய்யா எழுதணுமோல்லியோ. ஞாயித்துக்கிழமை தவறாம அடுக்களை வரைக்கும் அந்தப் பேர்தானே கேக்கறது” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெட்டி திறந்தது. புதுக் கடவுச்சொல்லைப் போட்டுவிட்டு, மகளின் கடிதத்தை முதல் வரியிலிருந்து மெதுவாகப் படித்தாள். நேர்காணல் புதன்கிழமை பத்து மணிக்கு. அதையும் புது நம்பரையும் ஒரு சீட்டில் எழுதி என் கையில் கொடுத்தாள். பத்து வருஷமாக அவள் எதையும் படிப்பதைக் கேலி செய்தவன் நான். நான் கத்திய பெயரை ஒரு தடவைகூட அவள் கேட்காமல் விட்டதில்லை.

“நிக்காதேங்கோ, மாஷிமா காத்துண்டிருக்கா” என்றாள். போகிற வழியிலேயே அந்தச் சீட்டை ஒரு வார்த்தை விடாமல் படித்தேன்.