திவசத்துக்கு வாற ஆள்

கேதீஸ்வரி என்ரை தம்பி சிவதர்ஷன்ரை பெண்சாதி. அவன் கடலுக்குப் போய்த் திரும்பி வரேல்லை. போட் மட்டும் பருத்தித்துறைப் பக்கம் ஒதுங்கினது. உடம்பு கிடைக்காதபடியால், போன நாளையே வைச்சு வருஷா வருஷம் திவசம் செய்யிறம்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு திவசம் கிட்டேக்கையும் இவளுக்கு மறைவிடத்திலை கொப்புளம் போடும். முதல் துடையிலை ஒரு குறுகுறுப்பு. பிறகு எரிவு, சின்னச் சின்ன நீர்க்கொப்புளம், அது உடைஞ்சு புண். மூத்திரம் பெய்யேக்கை சுவரிலை கையை ஊண்டிக்கொண்டு அழுவாள். பிறகு தன்ரை பாட்டிலை ஆறிப்போகும். இதை ஆரிட்டைச் சொல்லுறது? என்னட்டை மட்டும் சொன்னாள். அதுவும் எப்பிடி? "மச்சாள், உங்கடை தம்பி வந்திட்டார்" எண்டு.

நான் சண்டைக்காரிதான், சந்தையிலை ஆரோடையும் வாய் குடுப்பன். ஆனால் செத்தவனோடை என்னெண்டு சண்டை பிடிக்கிறது? அம்மாள் வருத்தம் எண்ட அம்மைக்குப் பூசுற மாதிரி மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பூசினாள், எரிவிலை துடிச்சாள். கீரிமலைத் தீர்த்தத்துக்குக் கொண்டுபோய் முழுக வைச்சன். அடுத்த வருஷமும் வந்தான்.

சாவகச்சேரிச் சந்தையிலை இவள் கருவாடு விக்கிறாள். பக்கத்திலை வாழைக்குலை விக்கிற அருட்பிரகாசம் இவளைக் கட்டக் கேட்டார். அவரும் பெண்சாதியை இழந்த மனிசன், குரல் உயர்த்தத் தெரியாதவர். இவளுக்கும் விருப்பம், முகத்திலை தெரிஞ்சது. நானும் ஓமெண்டுதான் சொன்னன். தம்பி போனால் இவளும் கூடவே போகோணுமோ? ஆனால் பேச்சு எடுத்த கிழமையே, திவசம் எங்கையோ கிடக்க, கொப்புளம் போட்டிட்டுது.

"பாத்தியளோ மச்சாள்? அவருக்குப் பிடிக்கேல்லை. நான் மாட்டன்" எண்டு போய்ப் படுத்திட்டாள்.

எனக்கு விசர் வந்திட்டுது. "எடியே, பேயெண்டாலும் டொக்டருக்குக் காட்டிப்போட்டுப் பயப்பிடுவம். வெளிக்கிடு!" எண்டு கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனன்.

டொக்டர் ஒரு இளம் பொம்பிளைப் பிள்ளை, முகம் சுளிக்கேல்லை. புண்ணிலை தொட்டெடுத்துச் சோதிச்சா. முடிவு கேக்கத் திரும்பப் போகேக்கை ஆறுதலாய்ச் சொன்னா: "இது ஹேர்பீஸ், ஒரு வைரஸ். உடலுறவாலை தொத்தும். கன பேருக்கு இருக்கு, கன பேருக்குத் தங்களுக்கு இருக்கிறதே தெரியாது. புண் ஆறினாலும் நரம்பு அடியிலை போய்ப் படுத்திருக்கும். நித்திரையில்லாமல், சாப்பிடாமல், யோசிச்சு யோசிச்சு உடம்பு நொந்தால் எழும்பி வரும். முற்றாய்ச் சுகப்படுத்தேலாது அம்மா, அடக்கி வைக்கலாம். குறுகுறுப்புத் தொடங்கின உடனை நான் எழுதித் தாற குளிசையைப் போடுங்கோ. புண் இருக்கேக்கை சேரக்கூடாது. இல்லாத நேரமும் தொத்தலாம், ஆணுறை பாவிச்சால் குறையும். கட்டப்போறவருக்கு முதலே சொல்லுங்கோ."

"எனக்கு என்ரை மனிசனைத் தவிர வேறை ஆரும் இல்லை" எண்டாள் இவள்.

"அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். எப்ப, ஆராலை எண்டு சோதினை சொல்லாது" எண்டா டொக்டர்.

நான் மனசுக்குள்ளை தம்பியை ஏசினன்: எங்கையடா போனனீ, பாவி? எவளட்டை வாங்கிக்கொண்டு வந்து இவளுக்குக் குடுத்தனீ?

இனி இவளுக்கு நிம்மதி எண்டு நினைச்சன். பஸ்ஸிலை யன்னல் பக்கம் திரும்பி இருந்தவள் திடீரெண்டு கேட்டாள்: "அப்ப இவ்வளவு வருஷமும் அவர் வரவே இல்லையோ மச்சாள்?"

நான் அவளைத் திருப்பி முகத்தைப் பாத்தன்.

"பயந்தனான்தான்" எண்டு விம்மினாள். "ஆனால் வாறார் எண்டு இருந்தன்."

அருட்பிரகாசத்திட்டை அவளே சொன்னாள். மனிசன் வாழைக்குலையைத் தடவித் தடவிக் கேட்டுக்கொண்டு நிண்டவராம். பிறகு, "அந்த டொக்டரிட்டை நானும் ஒருக்கால் கதைக்கலாமோ?" எண்டு கேட்டவராம். போனார், கதைச்சார். ஆவணியிலை கலியாண எழுத்து.

அதுக்கு முன்னம் அவன்ரை திவசம் வந்தது. "மச்சாள், குறுகுறுக்குது" எண்டாள். அவ்வளவுதான், அவர் வந்திட்டார் எண்ட பேச்சு இல்லை. குளிசையைப் போட்டாள். குறுகுறுப்போடையே அடங்கிட்டுது. இருந்து சோறு திண்டாள், நித்திரையும் கொண்டாள்.

படைச்சு முடிஞ்சு எல்லாரும் போன பிறகு நான் அவன்ரை படத்துக்கு முன்னாலை குந்தியிருந்தன். ஏசுறதுக்கு வாய் நிறைய வைச்சிருந்தன். வாசலைப் பாத்துப் பாத்து இருந்தன். ஆரும் வரேல்லை.