கோச்சிடம் நான் சொன்ன குறை

என் மகள் ஆரணி தண்ணீரில் பாய்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் உடம்பைத் துடைத்துக்கொள்வாள். ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் நீச்சல் தடாகத்தில் இதை நான் முதன்முதலாகக் கண்டது ஒரு பங்குனிச் செவ்வாய்க்கிழமை என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. கைக்கடக்கமான ஒரு துணியால் கை, கால், கழுத்தெல்லாம் ஒற்றி எடுப்பாள். பிறகு மூன்று மீற்றர் உயரத்தில் இருக்கும் பாய்பலகையில் ஏறி, இரண்டு விநாடியில் முழுவதும் நனைந்துவிடுவாள். காங்கேசன்துறைக் கடலோரத்தில் வளர்ந்த எனக்கு, நனையப் போகிறவள் ஏன் துடைக்கிறாள் என்று விளங்கவில்லை. கேட்டேன். அந்தரத்தில் முழங்காலைக் கட்டிப்பிடித்துச் சுருளும்போது ஈரக் கை காலில் வழுக்கிவிடுமாம். எழுதிவைத்தேன். காரணம் தெரிந்த பிறகும் விசித்திரம் குறையாத காரியங்கள் அந்த நாட்டில் பல.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் அணிகளுக்குப் பாய்ச்சல்காரரைத் தேடி எடுக்கின்றன என்பதும் அப்படித்தான். ஆனால் முதலில் பிள்ளைதான் எழுத வேண்டும். "நான் நன்றாகப் பாய்வேன், என் வீடியோவைப் பாருங்கள்" என்று பதினாறு வயதுப் பெண் முன்பின் தெரியாத கோச்சுகளுக்கு எழுதுகிறாள். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அப்பாதான் அதிபருக்கு முன்னால் நின்று கதைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆரணி முப்பத்தொரு ஈமெயில் அனுப்பினாள். நாலு பேர் பதில் போட்டார்கள். ஒவ்வொன்றும் வந்த கிழமையைக் குறித்துவைத்தேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

'ரிவேர்ஸ்' என்று ஒரு பாய்ச்சல் இருக்கிறது. முன்னே நடந்து, பலகையின் நுனியில் மிதித்து எழும்பி, பலகையின் பக்கமாகவே பின்னோக்கிச் சுழல வேண்டும். போன ஐப்பசியில் அப்படிச் சுழன்றபோது அவளுடைய தலைமயிர் பலகையில் உரசியது. அதன் பிறகு நுனிவரை நடப்பாள், நிற்பாள், திரும்பிவிடுவாள். பார்வையாளர் வாங்கில் இருந்து நான் எழுதுவேன்: "இன்றும் திரும்பினாள்." ஐந்து மாதத்தில் அறுபத்துநாலு தடவை. அறுபத்தைந்தாவது தடவை பாய்ந்தாள். அன்றைய பக்கத்தில் மட்டும் ஒன்றுமே எழுதப்படவில்லை. பேனையைத் திறக்க மறந்துவிட்டேன்.

இந்த ஆடி மாதம் காங்கேசன்துறையில் அண்ணையின் வீட்டில் நிற்கிறோம். பதில் போட்ட நால்வரில் ஒருவர், ஆரணி மிகவும் விரும்பிய பல்கலைக்கழகத்தின் கோச், தாயோடும் வீடியோவில் கதைக்க வேண்டும் என்றார். எங்களுக்கு மாலை ஆறரை, அவருக்குக் காலை. அண்ணை கதிரைகளை ஒழுங்காக்கி, மின்விசிறியைத் திருப்பிவைத்து, கதவுச் சீலைக்குப் பின்னால் போய் நின்றார்.

"உதென்ன தங்கச்சி, பொம்பிளை பாக்க வருகினமோ?"

கோச் என்னைப் பார்த்துச் சிரித்து, "உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்.

நான் சொன்னேன்: "பெரிதாக ஒன்றுமில்லை. பயந்தவள். ஒரு பாய்ச்சலுக்கு ஐந்து மாதம் பயந்து நின்றவள். காலையில் எழுப்புவதும் பெரும்பாடு."

தன் பிள்ளையைத் தாய் புகழ்ந்தால் கண்ணூறு படும். ஆகவே தாய் குறை சொல்லுவாள். கேட்பவர் "சும்மா இருங்கோ, தங்கமான பிள்ளையெல்லோ" என்று மறுப்பார். புகழ்ச்சி அப்படித்தான் வந்துசேரும். அந்த மறுப்புக்காகக் காத்திருந்தேன். கோச் மறுக்கவில்லை. குனிந்து எழுதினார். "நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி" என்றார்.

திரை அணைந்ததும் ஆரணி என் பக்கம் திரும்பினாள். "ஏனம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"அது ஒரு கதைக்குச் சொன்னது."

"அவ அதை எழுதினவ!"

சீலைக்குப் பின்னால் இருந்து அண்ணை சொன்னார்: "அந்த மனுசிக்கு மறுத்துச் சொல்லத் தெரியேல்லை. வளர்ப்புச் சரியில்லை."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"நீங்கள் உண்மையா அப்பிடித்தான் நினைக்கிறியளோ?" என்று ஆரணி கேட்டாள். இல்லை என்றால் அறுபத்துநாலு வரிகள் பொய். ஓம் என்றால் எழுதாமல் விட்ட அந்த ஒரு நாள் பொய். நான் யோசித்த நேரத்தையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

"நான் அவவுக்கு எழுதி விளங்கப்படுத்திறன்" என்றேன்.

"வேண்டாம். பாயுறது நான். நான் எழுதிறன்."

எழுதினாள். எனக்குக் காட்டவில்லை. இங்கே பாய்வதற்குப் பலகை எதுவும் கிடையாது. மறுநாள் காலை, எழுப்பாமலே எழும்பி, முற்றத்துச் சீமெந்தில் சோக்கட்டியால் ஒரு பலகை வரைந்தாள். நாலு அடி நடை, ஒரு துள்ளல், கைகள் மேலே. மறுபடியும் முதலிலிருந்து. அண்ணை தேத்தண்ணியோடு நின்று பார்த்தார். "உவள் எங்கை பாயப் போறாள்?" என்று மெல்லக் கேட்டார். ஆறு நாளும் அப்படியே.

ஆறாம் நாள் பதில் வந்தது. அணியில் மிச்சம் ஒரு இடம். அதற்கு இரண்டு பெண்கள். செப்ரெம்பரில் நேரில் வர வேண்டும். "உன் அம்மா சொன்ன அந்தப் பாய்ச்சலை நான் கண்ணால் பார்க்க வேண்டும்." நல்லது என்றார் அண்ணை. சோதனை என்றாள் ஆரணி. என் வாய் அவளுக்குக் கதவைத் திறந்ததா, பாதி சாத்திவிட்டதா என்று அந்த வரியைப் பலமுறை வாசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

சனிக்கிழமை மருதனார்மடம் சந்தையில், என்னோடு படித்த வசந்தியைக் கண்டோம். ஒரு கடையின் தகரக் கூரைக்குக் கீழே கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மகளோ? வளர்ந்திட்டா. என்ன செய்யிறா?"

"தண்ணியிலை பாயுறவள், வசந்தி. அமெரிக்காவிலை ஒரு யூனிவேர்சிற்றி வரச்சொல்லி இருக்கு. மற்றவை பயப்பிடுற பாய்ச்சல் ஒண்டு. என்ரை பிள்ளை வடிவாய்ச் செய்வாள்."

வாழ்நாளில் முதல் தடவையாக என் பிள்ளையைப் புகழ்ந்து சொன்னேன். வசந்தியின் கை கத்தரிக்காயில் அப்படியே நின்றது. வெளிநாட்டில் கனகாலம் இருந்துவிட்டு வருபவர்களைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"ஐயோ, இல்லை அன்ரி" என்றாள் ஆரணி. "அம்மா சும்மா சொல்லுறா. நான் சரியான பயந்தாங்கொள்ளி."

வசந்தியின் முகம் தெளிந்தது. "சும்மா இரும் பிள்ளை! கெட்டிக்காரி எண்டு முகத்திலையே தெரியுதே."

ஊர் முறையை ஆரணிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முறைக்குத்தான் சொன்னாளா, அல்லது நான் புகழ்ந்ததை உண்மையாகவே நம்பவில்லையா? முகத்தில் தேடினேன். அவள் வசந்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வசந்தி அவளுடைய தோளில் கைவைத்து, "வெயிலுக்குள்ளை நில்லாதையும்" என்று கூரைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். நிழலில் அவர்கள் இருவரும் கதைத்தார்கள். மரக்கறிப் பையோடு நான் வெளியே நின்றேன்.