ஏழாம் மாதத்து மகளின் அப்பா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அரியலூர்ப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ரயில்பாதை வேலையில் கை காய்த்துப்போன ஒருவர், ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட மகளை மார்போடு அணைத்தபடியே இருப்பார். அது லேசாக முனகினாலும் குனிந்து, "என்ன தாயி?" என்பார்.

"தொந்தரவு பண்ணாதீங்க, தொட்டில்ல போடுங்க" என்று தினமும் சத்தம் போட்டேன். டாக்டரின் உத்தரவு அது.

"அது கூப்புடுதுங்க. பதில் சொல்லாட்டி, கூப்புடுறதையே வுட்டுடுமுங்க" என்றார்.

ஒருநாள் எரிச்சலில் குழந்தையைப் பிடுங்கித் தொட்டிலில் கிடத்தினேன். மறுநாளே மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு விக்கிரமங்கலம் போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து அப்பாவையும் மகளையும் சந்தையில் பார்த்தேன். சிறுமிக்கு நடை இன்னும் வரவில்லை. பேச்சு ஓயவே இல்லை. டாக்டரிடம் சொன்னேன்.

"நடக்கலைல்ல?" என்றார்.

அதைக் கேட்டு வந்த ஆத்திரம் இன்றும் தணியவில்லை. அதில் பாதி என்மேல்தான்.