சக்கரத்தில் ஒரு சிவப்புக் கோடு

எண்பதுகளின் தொடக்கத்தில், போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு வருடம் அதன் பின்சக்கர டியூப், வால்வு சேரும் இடத்தில் கிழிந்துகொண்டே இருந்தது. ஆணியும் இல்லை, முள்ளும் இல்லை. போடிமெட்டு மலை வளைவில் இறங்கும்போது கிழிந்தால் கதை முடிந்தது. ஏலக்காய் பறிக்கப் போகும் என் மனைவியும் அதே ஜீப்பில்தான் வருவாள். காரணம் பிடிபடாத எரிச்சலில், யார் பேசினாலும் வள்ளென்று விழுந்தேன்.

அப்போது சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மைத்துனன் ஒரு பெட்டியை நீட்டினான். உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள். ஒட்டினால் பழைய யுத்த விமானம்.

"எந்நேரமும் ஸ்பானரோடதான கெடக்கீக, மாமா. இதையும் ஒட்டிப் பாருங்க."

மழையில் லோடு இல்லாத நாட்களில் உட்கார்ந்து ஒட்டினேன். இறக்கை, வயிறு எல்லாம் சேர்ந்தன. கடைசியில் சக்கரம். பெட்டி மேல் இருந்த படத்தில் டயரில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. ஆயுத பூசைக்கு நாம் ஜீப்புக்கு வைக்கிற குங்குமம்தான் என்று முடிவு கட்டினேன். எந்த ஊர்க்காரனுக்கும் உயிர்ப்பயம் ஒன்றுதானே? இடது சக்கரத்துக்குச் சந்தன நிறத்தில் ஒரு பூச்சு, நடுவில் சிவப்புப் பொட்டு.

மைத்துனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அது ஒட்டுற கோடு மாமா, ஸ்டிக்கரு. பெட்டிக்குள்ள இருக்க தாள்ல போட்டிருக்கு பாருங்க, பாதி டயர் மேலயும் பாதி ரிம்மு மேலயும் வரணும்."

"எதுக்கு மாப்ளே?"

"அதெல்லாம் தெரியாது. போட்டிருக்கு, ஒட்டணும்."

எனக்கு அது போதவில்லை. அழகுக்கு என்றால் டயரிலேயே போட்டிருக்கலாமே, ஏன் இரண்டின் மேலும்? விமானச் சக்கரத்தைத் தாங்கும் காலில் ஒட்டவும் பொடி எழுத்து ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்று எழுதியிருப்பதாக அவன் படித்துச் சொன்னான். காற்றுக்கும் கோட்டுக்கும் என்ன சம்பந்தம்? சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஜீப்பின் பின்சக்கரத்தில் அதேபோல் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தேன். தோட்டத்துச் சேற்றில் பிடிமானம் வேண்டும் என்று டயர் காற்றைக் குறைப்பது எங்கள் ஜீப்புக்காரர்கள் எல்லோருக்கும் வழக்கம். தார்ரோட்டுக்கு வந்ததும் வெரசாக வீடு சேரும் நினைப்பில் யாரும் திரும்பக் காற்றடிப்பதில்லை. அன்றும் அப்படியே இறங்கினேன்.

போடியில் எல்லோரும் இறங்கியதும் குனிந்து பார்த்தேன். ரிம்மில் ஒரு துண்டுக் கோடு, இரண்டு விரல் தள்ளி டயரில் மறுதுண்டு. வால்வு சாய்ந்து நின்றது. பிரேக் ரிம்மைப் பிடிக்கிறது, காற்று குறைந்த டயர் வழுக்கி நகர்கிறது, டியூப்பையும் கூடவே இழுக்கிறது. வால்வோ ரிம்மின் ஓட்டையில் மாட்டியிருக்கிறது. கிழியாமல் என்ன செய்யும்?

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த இடைவெளியில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"இத்தன நாளும் இதுலயா எங்கள எறக்கிக் கொண்டாந்தீக?"

எல்லோர் மேலும் வள்ளென்று விழுந்த எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

அதிலிருந்து ஜீப்பில் பம்பு இருந்தது. மெட்டில் முதலில் காற்று, பிறகுதான் இறக்கம். நாலு சக்கரத்திலும் சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டேன்.

விமானத்தின் வலது சக்கரத்திலும் கோட்டைச் சரியாக ஒட்டினேன். இடது சக்கரத்துப் பொட்டை அழிக்க மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தபோது மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டுங்க. அதுவும் பத்திரமா எறங்கணும்ல."