கேபிள்காரரின் திங்கட்கிழமை

சமையலறைக்கும் மாடிப்படிக்கும் நடுவே இருந்த சந்துதான் கேபிள்காரரின் பட்டறை. முழங்கையை அகட்டினால் இரண்டு பக்கமும் சுவர் இடிக்கும். ரேடியோவில் பேசுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்கு, அந்த ரேடியோவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கேபிள்களைப் பதினொரு வருடம் அங்கே உட்கார்ந்து செய்தார். தொழில் அக்காவின் கணவருடையது. விலகுகிறேன் என்று வாயெடுத்தாலே மாமா, "இந்த ஆர்டரை மட்டும் முடிச்சுடு மாப்ள. அப்புறம் உன்னை யாரு பிடிச்சு வைக்கப் போறா?" என்பார்.

கடைசியில் வெளியூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். தேதி மாறாது என்று கடிதத்திலேயே இருந்தது. ஒரு ரேடியோ சங்கத்துக்கு நாற்பது கேபிள் பாக்கி.

"நீ கிளம்புற வேலையைப் பாருடா. வயரைச் சூடு வச்சு ஒட்டுற சால்டர் வேலையை நான் பார்த்துக்கறேன்," என்றாள் அக்கா.

கேபிள்காரர் பிளக்கின் ஆறு ஊசிகளை வரைந்து, எதற்கு எந்த நிற வயர் என்று எழுதிக் கொடுத்தார். பிளக்கின் மேல்கூட்டைப் பசை வைத்து மூடுவது அவர் வழக்கம். அவளும் அப்படியே மூடினாள். வயரில் மின்சாரம் ஓடுகிறதா என்று மட்டும் மாமா மீட்டரில் பார்த்தார். நாற்பதிலும் ஓடியது.

வியாழக்கிழமை நாற்பதும் சங்கத்திலிருந்து திரும்பி வந்தன.

"கம்ப்யூட்டர் அனுப்புன்னு சொல்லுதாம். ரேடியோ குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்காம்," என்றார் மாமா. "செவ்வாய்க்கிழமை அவங்களுக்கு முகாம்."

கேபிள்காரர் ஒன்றின் கூட்டை வெட்டிப் பார்த்தார். வயர்கள் இடம் வலமாக மாறியிருந்தன. அவர் வரைந்தது பிளக்கை முன்னாலிருந்து பார்த்த படம். சால்டர் வைப்பதோ பின்னாலிருந்து. பதினொரு வருடமாக அவர் கண்ணே படத்தைத் திருப்பிக்கொண்டதால், எந்தப் பக்கம் என்று எழுதத் தோன்றவில்லை.

"விரலைச் சுட்டுக்கிட்டதுதான் மிச்சம். நான்தான் கெடுத்துட்டேன்," என்றாள் அக்கா.

மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

கேபிள்காரர் தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறியிருக்கலாம்.

"படம்தான் தப்பு மாமா. அது நான் வரைஞ்சது," என்றார்.

நாற்பதையும் வெட்டித் திருத்தத் திங்கட்கிழமை இரவு வரை ஆகும். மாடிப்படியில் நின்று தொழிற்சாலைக்குப் போன் பேசினார். சேருவதை ரெண்டே நாள் தள்ளி வைத்தால் போதும் என்றார். "லிஸ்ட்ல அடுத்த ஆள் காத்துக்கிட்டு இருக்காருங்க," என்று மரியாதையாகவே போனை வைத்துவிட்டார்கள்.

"என்னடா சொன்னாங்க?"

"பார்க்கலாம்னாங்க."

அக்கா நம்பியதாகத் தெரியவில்லை. சந்துக்குள் இரண்டு பேருக்கு இடமில்லாததால் படியிலேயே உட்கார்ந்து கூடுகளை வெட்டத் தொடங்கினாள். அவள் நீட்ட நீட்ட, அவர் வயர்களை உரித்துக்கொண்டிருந்தார்.